குணமாகாதவர்களுக்கும் ஒரு மைக்

எங்கள் சபையில் மாதத்தில் ஒரு ஞாயிறு சாட்சி நேரம் உண்டு. அறிவிப்புகள் முடிந்து காணிக்கை எடுப்பதற்கு முன்னால் மைக் பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கி வரும். கிட்னியில் கல் இருந்தது, அடுத்த ஸ்கேனில் காணோம். பையனுக்கு வேலை இல்லாமல் இருந்தது, உபவாசம் இருந்தோம், பெங்களூரில் கிடைத்துவிட்டது. நிலத் தகராறு இருந்தது, தீர்ப்பு நம் பக்கம் வந்துவிட்டது. கேட்க எனக்கும் சந்தோஷம்தான். யாருக்கு நல்லது நடந்தாலும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதுதானே.

ஆனால் துன்பம் முடிந்தவர்கள் மட்டும்தான் அந்த மைக்கை வாங்குகிறார்கள். முடியாதவர்கள் வாங்கி நான் பார்த்ததில்லை. வாங்கினாலும் என்ன சொல்வது? ‘போன மாசமும் வலித்தது, இந்த மாசமும் வலிக்கிறது, ஆமென்’ என்றா?

அப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அம்மாவுக்கு முடக்குவாதம். பாட்டி அதைச் சரவாங்கி என்பார். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிறார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளைத் தாக்குகிற நோய். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. இப்போது இரண்டு கையிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. வாரத்துக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் ஆசிட். மாத்திரை நோயை அடக்கி வைக்கிறது. சாய்ந்த விரலை நிமிர்த்துவதில்லை.

இந்த நோய்க்கு விடியற்காலம்தான் உச்சம். ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டுகள் காலையில் பூட்டிக்கொள்ளும். அம்மா எழுந்ததும் எவர்சில்வர் பேசினில் வெந்நீர் விளாவி, இரண்டு கையையும் அதற்குள் வைத்துக்கொண்டு உட்காருவார். கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார். தண்ணீர் ஆறினால் நான் மாற்றித் தர வேண்டும். சுண்டுவிரல் மடங்கும்வரை பேச்சு கிடையாது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம்தான் காபி. டம்ளரை விரலால் பிடிக்க முடியாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கும்பிடுகிற மாதிரி தூக்கிக் குடிப்பார்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வசனக் காலண்டர் தொங்குகிறது. ஒரு மாதம் அதில் முப்பதாம் சங்கீதம் வந்திருந்தது: ‘சாயங்காலத்தில் அழுகை தங்கும், விடியற்காலத்திலே களிப்புண்டாகும்.’ அதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. தாவீதுக்கு முடக்குவாதம் இருந்திருந்தால் இதை மாற்றி எழுதியிருப்பார் என்றேன். அம்மா பேசினிலிருந்து கையை எடுக்காமலே, “களிப்பு வரும்னுதான் போட்டிருக்கு. வலி போயிடும்னு எங்கடா போட்டிருக்கு?” என்றார்.

அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தப் பதில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வலி வெளியே போனால்தான் சந்தோஷம் உள்ளே வரும் என்று நினைத்துத்தான் நாம் ஜெபிக்கிறோம், காத்திருக்கிறோம், சாட்சி சொல்கிறோம். அம்மாவைப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அறையில் குடியிருக்கின்றன. ஒன்று காலி செய்யும்வரை இன்னொன்று வாசலில் நிற்பதில்லை.

வேலூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரமே புரிய வேண்டும். எங்கள் ஊருக்குத் துன்பம் ரயிலேறி வருகிறது. காட்பாடி ஜங்ஷனில் ஹவுராவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வரும் வண்டிகள் நிற்கும்போது பாருங்கள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எக்ஸ்ரே கவர், தோளில் சாய்ந்தபடி ஒரு நோயாளி. சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் லாட்ஜ் பலகைகள் வங்காளத்தில் இருக்கும். சாப்பாட்டுக் கடையில் மீன்குழம்பு கடுகெண்ணெய் வாசனையோடு வரும். பாஷை தெரியாத ஊரில் அடுப்பை வாடகைக்கு வாங்கிச் சமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களில் குணமாகி ஊர் திரும்புகிறவர்கள் நிறைய பேர். எல்லோரும் அல்ல.

இந்த ஆஸ்பத்திரி பிறந்த கதையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆற்காடு மிஷன் மருத்துவக் குடும்பம். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத தாயைப் பார்த்துக்கொள்ள வந்தவர். இங்கேயே தங்குகிற எண்ணம் துளியும் இல்லை. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டரை உள்ளே விட அவர்கள் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. ஐடா பெண்தான், ஆனால் டாக்டர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் பட்டம், 1900இல் வேலூர். வந்த வருஷமே அப்பாவும் போய்விட்டார். தனி ஆளாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்து, 1902இல் 40 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பிரசங்கங்களில் இந்தக் கதையைச் சொல்லும்போது மூன்று தட்டல்களிலிருந்து நேரே கல்லூரிக் கட்டடத்துக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்த மூன்று பெண்களைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. பின்னால் லட்சக்கணக்கான பேர் பிழைத்தார்கள் என்பதால் அவர்கள் செத்தது சரியாகிவிடுமா? ‘இதற்காகத்தான் கடவுள் அதை அனுமதித்தார்’ என்று அந்தப் புருஷன்களில் ஒருவரிடம் போய்ச் சொல்ல நமக்கு நாக்கு வருமா? எனக்கு வராது. அந்த ராத்திரியின் துக்கத்தை ஐடா தூக்கிப் போடவில்லை, அதைச் சுமந்துகொண்டே படித்தார், அதைச் சுமந்துகொண்டே திரும்பி வந்தார் என்பதுவரைதான் என்னால் சொல்ல முடிகிறது.

மேரி வர்கீஸ் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. கேரளத்துப் பெண், 1925இல் பிறந்தவர், சி.எம்.சி.யில் படித்து அங்கேயே வேலை பார்த்த இளம் டாக்டர். 1954இல் சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முகத்திலும் பெரிய காயம். அவருக்காக எத்தனை பேர் முழங்கால் படியிட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மருத்துவமனையே ஜெபித்திருக்கும். கால் திரும்பி வரவில்லை.

அப்போது அங்கே பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்துகிற வேலையில் அவர் முன்னோடி. கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று அவர்தான் மேரியிடம் எடுத்துச் சொன்னார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையை இங்கே எழுப்பினார். பாகாயத்தில் இருக்கிற மறுவாழ்வு மையம் 1966இல் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் இறக்கும்வரை நாற்காலிதான். இவர் எங்கள் சபைக்கு வந்திருந்தால் சாட்சி நேரத்தில் யாராவது மைக்கை நீட்டியிருப்பார்களா என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். பத்மஸ்ரீக்குப் பிறகு நீட்டியிருப்பார்கள்.

பால் பிராண்ட் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் பேரைச் சொல்லி நிறைய பேர் ஆறுதல் என்கிற பெயரில் எதையாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள். 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர், 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல் போவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் என்று கண்டுகொண்டவர். சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை தானாகப் பின்னால் வராது. ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். சிலருக்கு ராத்திரியில் விரல் காணாமல் போனது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. காவல் இருந்து பார்த்தால் எலி கடித்துக்கொண்டிருக்கிறது. தூங்குகிறவருக்கு அது தெரியவே இல்லை. அதற்கு அவர் கண்ட மருந்து பூனை. வலி என்பது உடம்புக்குக் கிடைத்த நன்கொடை என்று அவர் கடைசிவரை சொன்னார். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் போய் ஒரு வார்டைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள்.

சரி. ஆனால் இதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து ‘வலியும் ஒரு வரம்தான் சிஸ்டர்’ என்றால் என்ன அர்த்தம்? அம்மாவின் வலி எதையும் எச்சரிக்கவில்லை. திருடன் இல்லாத வீட்டில் நாய் ராத்திரி பகலாகக் குரைக்கிறது, அவ்வளவுதான். பிராண்ட் பேசியது காக்கிற வலியைப் பற்றி. அழிக்கிற வலியும் உலகத்தில் உண்டு. அதற்கு நல்ல பெயர் சூட்ட வேண்டிய கட்டாயம் விசுவாசிக்கு இல்லை என்று நினைக்கிறேன். லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதார். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார்.

இன்னொரு வகை ஆறுதல்காரர்களும் உண்டு. வெளியூரிலிருந்து கூட்டத்துக்கு வந்த ஒரு பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். விசுவாசக் குறைவு இருக்கலாம், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கலாம், யோசித்துப் பாருங்கள் என்றார். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பாஸ்டர், முதல்ல நீங்க அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு ஜெபம் பண்ணுங்க. உங்க கண்ணுக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு என் கைக்கு வருவோம்” என்றார். அப்பா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். சிரிப்பை அடக்கத்தான். பாஸ்டர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார், முறுக்கைத் தொடவில்லை.

யோபுவின் சிநேகிதர்களும் இதைத்தான் செய்தார்கள். முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்களைப் போல நல்லவர்கள் இல்லை. வாயைத் திறந்தார்கள், கெட்டது. உன் பாவம்தான் காரணம் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது புலம்பின யோபுவின் மேல் அல்ல, விளக்கம் சொன்ன சிநேகிதர்கள் மேல். வேதபுத்தகத்தில் புலம்பலுக்கு இருக்கிற இடம் நம் ஆராதனையில் இல்லை. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து இருட்டு, முடிவிலும் இருட்டு. ‘ஆனாலும்’ என்று ஒரு திருப்பம்கூட இல்லை. அதையும் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்தார்கள். நம் கீபோர்டுக்காரர் அதற்கு என்ன தாளம் போடுவாரோ தெரியாது.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை எல்லோரும் பூகம்பத்துக்காகப் பிரசங்கிக்கிறார்கள். பவுலும் சீலாவும் சிறையில் பாடினார்கள், அஸ்திபாரம் அசைந்தது, கதவு திறந்தது, சங்கிலி கழன்றது, அல்லேலூயா. வரிசையைக் கவனித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அவர்கள் பாடியது நடுராத்திரியில், அடிபட்ட முதுகோடு, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்கும்போது. பூகம்பம் வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்லிவைக்கவில்லை. வராமல் போயிருந்தாலும் அந்தப் பாட்டு பாட்டுதான். கதவு திறந்த பிறகும் அவர்கள் ஓடிப்போகவில்லை, சிறைக்காரன் தன்னைத்தான் குத்திக்கொள்ளாதபடி இருட்டிலிருந்து குரல் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கதையில் பூகம்பத்தைவிட அந்தக் குரல்தான் பெரிதாகப் படுகிறது.

தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையை வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். ஒரு வருஷம் வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. பையனுக்கு ரத்தப் புற்றுநோய். ரொம்பச் சின்னப் பையன். கீழே வந்து எங்கள் தையல் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஓடுவான். மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டான். அவனுடைய அப்பா காகிதங்களுக்காக அலைந்துகொண்டிருந்தார். அந்த அம்மா மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்குப் படி ஏறுவது கஷ்டம். கைப்பிடியை விரலால் பிடிக்க முடியாது, முழங்கையை அதன்மேல் ஊன்றி ஊன்றி ஏற வேண்டும். அன்றைக்கு ஏறினார். நான் டீ எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. ஹிந்தி என்று நினைத்துக்கொண்டு பேசுகிற ஒன்று தெரியும், அன்றைக்கு அதையும் பேசவில்லை. பாயில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார், டம்ளரை வைத்துக்கொள்வது போலவே. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள். டீ ஆறிப் போய் ஏடு படிந்தது.

அப்புறம் அந்தப் பெண் குனிந்து அம்மாவின் விரல்களைப் பார்த்தார். இத்தனை நாள் பார்த்திருப்பார், அன்றைக்குத்தான் பார்த்தார். “மாசிமா,” என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். சின்னக் கரண்டியில் கடுகெண்ணெயைக் காய்ச்சி, ஒரு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டு, கொண்டுவந்து அம்மாவின் ஒவ்வொரு கணுவிலும் தேய்க்க ஆரம்பித்தார். தேய்க்கும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தேய்த்தார். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தேய்ப்பில் எவ்வளவு வலித்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும்வரை இது நடந்தது. வீடெல்லாம் கடுகெண்ணெய் நாற்றம். அப்பா ஜன்னலைத் திறந்து வைத்தார். ஒருநாள் அம்மா தன் கையை முகர்ந்து பார்த்து, “என்னைத் தாளிக்கிறதுதான் பாக்கி” என்று சொல்லிச் சிரிக்க, அர்த்தம் புரியாமலே அந்தப் பெண்ணும் சிரித்தார். பையன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதைச் சந்தோஷம் என்று சொல்லலாமா என்று எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. இப்போது இல்லை. அவர் இந்து, அம்மா கிறிஸ்தவர். யாரும் யாருக்கும் பிரசங்கம் பண்ணவில்லை. இரண்டு பேர் வலியும் குறையவும் இல்லை. அவருக்குக் கொடுக்க ஒன்று இருந்தது, வாங்கிக்கொள்ள எதிரில் ஒரு கை இருந்தது. அம்மாவின் கை நன்றாக இருந்திருந்தால் அந்தப் பெண் அடுப்பைப் பற்றவைத்திருக்க மாட்டார்.

உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணிக்காயம் அப்படியே இருந்தது என்று யோவான் எழுதுகிறார். மரணத்தையே ஜெயித்தவருக்கு அந்தத் துளையை மூடுவது கஷ்டமா? மூடவில்லை. தோமாவிடம் அதைத்தான் நீட்டினார். என்னுடைய நம்பிக்கை கடைசியில் அங்கேதான் தொங்குகிறது. ஒருநாள் அம்மாவின் விரல் நிமிரும் என்று நானும் விசுவாசிக்கிறேன், இங்கே இல்லாவிட்டாலும் அங்கே. கண்ணீரையெல்லாம் துடைப்பார் என்று எழுதியிருப்பதை நம்பாவிட்டால் இந்த மார்க்கத்தில் எனக்கு வேலை இல்லை. ஆனால் அந்த நாள்வரைக்கும் அம்மாவின் வாழ்க்கை காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருக்கிற வாழ்க்கை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அம்மாள் பேரம் பேசி மீன் வாங்குகிறார், கீர்த்தனையில் மூன்றாவது சரணத்தை விட்டுவிட்டு நாலாவதுக்குப் போகிற பாடகர் குழுவைத் திட்டுகிறார், பென்சிலை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவை எழுதுகிறார்.

ஈஸ்டர் அன்றைக்கு அதிகாலை நாலரைக்கு ஆராதனை. அதற்குப் போக வேண்டுமென்றால் அம்மா ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து வெந்நீர் வைக்க வேண்டும், அப்போதுதான் சேலைக்குப் பின் குத்துகிற அளவுக்காவது விரல் வரும். இந்த வருஷமும் சொல்லிப் பார்த்தேன்: ஒன்பது மணிக்கு இன்னொரு ஆராதனை இருக்கிறதே, அதற்குப் போகலாமே. “கல்லறைக்குப் போன பொம்பளைங்க ஒன்பது மணிக்கா போனாங்க?” என்றார். இரண்டு மணிக்கு அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

தெருமுனையில் நின்ற ஒரே ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார். அம்மா எழுபதுக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் ஏறினார். இறங்கும்போது நூறாகவே கொடுக்கச் சொன்னார். அப்புறம் எதுக்கும்மா அவ்வளவு பேரம் என்று கேட்டேன். “அது வேற, இது வேற, நீ வா, பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க” என்று எனக்கு முன்னால் நடந்தார்.